படகுகள் கரையேறும் மாதங்களில் எங்களுக்கு ஊதியம் இல்லையா? பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பதிவாளர், ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர், நிதி அலுவலர் ஆகியோருக்கு,

ஏப்ரல் கடைசி வாரம் எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டச் சொன்ன சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

ஆய்வுத் திட்டங்களில் பகுதி நேர உதவியாளர்களாக இருக்கும் மாணவர்களுக்கு இனி மாத ஊதியம் கிடையாது, திட்டம் முடிந்து தணிக்கையும் முடிந்த பிறகு மொத்தமாக ஒரு மதிப்பூதியம் தரப்படும் என்கிறது அந்தச் சுற்றறிக்கை. விடுமுறை நாட்களில் செய்யும் வேலை கணக்கில் வராதாம். துறை வாசலில் இருக்கும் கைரேகைக் கருவியில் பதிவாகும் நேரம் மட்டும்தான் வேலை நேரமாம். கடைசியில் ஒரு வரி: மாணவர்கள் பெறுவது பயிற்சி என்பதால் இதை ஊதியம் என்று உரிமை கோர முடியாது.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டு இரண்டு முறை மனு கொடுத்தோம். எங்கள் நகல் இரண்டிலும் ‘பெறப்பட்டது’ முத்திரை இருக்கிறது. பதில் வரவில்லை. ஜூன் 1-ஆம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள்தான் இருக்கின்றன. அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதால் பல்கலைக்கழகத்தின் பெயரையோ பேராசிரியர்களின் பெயரையோ இதில் குறிப்பிடவில்லை. மனுக்களில் எல்லாப் பெயரும் இருக்கிறது.

என் வீடு அருமனைக்குப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவி, பால் வடிந்ததும் திரும்ப வந்து அதை எடுத்து ஊற்றும் வேலை. தோட்டம் எங்களுடையது இல்லை. வெட்டுகிற மரத்துக்குத்தான் கூலி. மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து போகும். அன்றைக்கு வெட்டு இல்லை. மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி மழைக்காலத்திலும் வெட்டுகிற தோட்டங்கள் உண்டு. அப்பா போகிற தோட்டத்தில் அது கிடையாது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு என்பதை வெளியூர்க்காரர்கள் பசுமையாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், ஜூனில் ஒரு முறையும் அக்டோபரில் ஒரு முறையும் வரவு நின்றுபோகும் என்பதுதான்.

நான் உங்களிடம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை சமூகவியல் படிக்கிறேன். நான்காம் ஆண்டுத் தேர்வு இந்த மாதம் முடிந்தது. மேற்குக் கடற்கரை மீனவர்களின் கடலறிவையும், ஒக்கிப் புயலுக்குப் பிறகான அவர்கள் வாழ்க்கையையும் பதிவு செய்யும் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பகுதி நேர ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். மணிக்கு 150 ரூபாய். வாரத்துக்கு 15 மணி நேரம் வரை எழுதிக்கொள்ளலாம். முழுதாகக் கிடைத்தால் மாதம் 9,000 ரூபாய். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் இதில்தான். வீட்டிலிருந்து பணம் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகையை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியது. முழு நேர ஆய்வாளர்களோடு எங்களை ஒப்பிட்டு நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் திட்டத்தில் முழு நேர இடம் ஒன்று ஒப்புதலாகியிருந்தது. வந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனார். அதன் பிறகு அந்த இடத்தை நிரப்பவே இல்லை. அவர் வேலையை நாங்கள் நான்கு பேர் பிரித்துச் செய்கிறோம். திட்டம் நிற்காமல் ஓடுகிறது என்றால் அதனால்தான்.

இப்போது ஜூன் 1-க்கு வருகிறேன்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நம் மாவட்டத்தில் சின்னமுட்டத்துப் படகுகளுக்கு மட்டும் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லை வரைக்கும் உள்ள ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேச வேண்டுமென்றால் கிடைப்பது தடைக்காலமும் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் ஊர்த் திருவிழாவும்தான். அதில் நீளமானது தடைக்காலம். போன ஆண்டு நாங்கள் எடுத்த நேர்காணல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மாதத்தில் எடுத்தவை.

எங்களுக்கு அடுத்த பருவம் ஜூலை நடுவில் தொடங்குகிறது. ஆக, உங்கள் சுற்றறிக்கைப்படி தடைக்காலத்தில் பெரும்பகுதி ‘விடுமுறை’. அவர்கள் கரையில் இருக்கும்போது எங்களுக்கு ஊதியம் கிடையாது. எங்களுக்கு ஊதியக் கணக்கு தொடங்கிச் சில நாளிலேயே அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். சுற்றறிக்கையை எழுதியவர் எங்கள் திட்டத்தின் கள அட்டவணையை ஒரு முறை வாங்கிப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். என் வீட்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அதே ஜூனில்தான் அப்பாவுக்கும் வெட்டு நிற்கும்.

கைரேகைக் கருவி விஷயமும் இப்படித்தான். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சிறு வள்ளங்களில் தினமும் போய் வருகிறவர்களிடம் பேச அந்த ஒரு நாள்தான் உண்டு. காலைப் பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, வலை பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக விடுதியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நித்திரவிளை வழியாகப் போகிறேன். அந்த நேரத்தில் துறைக்குப் பூட்டுப் போட்டிருக்கும். நான் எங்கே போய் விரலை வைப்பது?

பயணப்படி கேட்டபோது நிதிப் பிரிவில் ஒருவர், “பெண்களுக்குத்தான் பஸ் இலவசம் ஆயிற்றே” என்றார். 2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாலைப் பேச்சு ஏழு மணிக்கு முடிந்தால் நான் ஆட்டோவில்தான் வர வேண்டும். எங்களோடு வரும் ஆண் மாணவர்கள் எப்போதும் டிக்கெட் எடுக்கிறார்கள். பெண்கள் வெளியே போய்ப் படிக்கவும் உழைக்கவும் அரசு கொடுத்த சலுகையைக் காட்டிப் பல்கலைக்கழகம் தன் செலவைக் குறைத்துக்கொள்வது சரியில்லை.

நேர்காணல் எடுப்பது எங்கள் வேலையில் சிறு பங்கு. பதிவானதை எழுத்தாக்குவதுதான் பெரிய வேலை. நிர்வாகத்தில் பலருக்கு இது தெரியவில்லை என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். காற்றும் அலையும் சேர்ந்து பதிவாகியிருந்தால் எட்டு மணி நேரம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், யார் எதைச் சொன்னார் என்று பிரிப்பதற்கே ஒரு இரவு போகும். வகுப்பு முடிந்து, மறுநாள் பாடத்தையும் பார்த்துவிட்டு, விடுதி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்யும் வேலை இது. இதில் ஒரு நிமிடம்கூடக் கைரேகைக் கருவிக்குத் தெரியாது.

மென்பொருளே எழுதிவிடுமே என்று போன செமஸ்டர் கூட்டத்தில் சொன்னீர்கள். முயன்று பார்த்தோம். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு நம் மீனவர்கள் சொல்வது ‘நீவாடு’. மென்பொருள் அதை ‘நீராடு’ என்று எழுதியது. கடலில் நின்றபடி கரையில் தெரியும் மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்ப்படுத்தி, தாங்கள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதற்குக் ‘கணியம்’ என்று பெயர். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால், தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு ‘பார்’, அதாவது பாறைத் திட்டை, மறுபடியும் தேடிப் போய்ச் சேர்ந்தது இந்த அறிவால்தான். மென்பொருள் அதைக் ‘கண்ணியம்’ ஆக்கிவிட்டது. ஒரு பெரியவர் இருபது நிமிடம் கணியத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க, மனிதனுக்குக் கண்ணியம் முக்கியம் என்ற பேச்சாக மாறிக் கிடந்தது. திருத்துவதைவிட முதலிலிருந்து எழுதுவது எளிது என்று அதை விட்டுவிட்டோம்.

கச்சான் காற்று எப்போது எழும், கொண்டல் காற்று அடித்தால் கடல் எப்படி மாறும் என்று ஒருவர் சொல்வதை எழுத வேண்டுமானால் முதலில் அது புரிய வேண்டும். மலைப்பக்கத்தில் வளர்ந்த எனக்கு அது புரியவில்லை. எங்கள் குழுவில் அந்தக் கடற்கரையிலேயே பிறந்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் அப்பா, தாத்தா எல்லாம் கடலுக்குப் போனவர்கள். சொல்லுக்குச் சொல் அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். நீங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ‘தரவு’ என்று ஒரு சொல்லில் முடிந்திருப்பது இந்த வேலைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பதிவு செய்தோம். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன், அது நாங்கள் கொடுத்த வாக்கு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது அந்த அம்மாவின் கணவர் ஆழ்கடலில் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. பேசும்போது ஒரே வாக்கியத்தில் கணவரைப் பற்றி ‘இருந்தார்’ என்றும் சொல்கிறார், ‘இருக்கிறார்’ என்றும் சொல்கிறார். எழுதும்போது முதலில் நான் அதைச் சரிப்படுத்திவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. எட்டு விநாடிதான் அந்தப் பகுதி. திரும்பத் திரும்பக் கேட்டேன். வாய் தவறியதா, அந்த ஊர்ப் பேச்சு வழக்கா, அவருக்கு இன்னும் அப்படித்தானா? மறுநாள் அந்த அண்ணனிடம் கேட்டேன், அப்புறம் பேராசிரியரிடமும் கேட்டேன். இரண்டையும் அப்படியே வைத்து ஒரு குறிப்பு எழுதுவது என்று முடிவானது. அந்த ஒரு பதிவுக்கு 14 மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு சில நாட்கள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆனால் அந்த 14 மணி நேரத்தை வேலை இல்லை, பயிற்சி என்று நீங்கள் எழுதும்போது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கற்றுக்கொண்டேன் என்பதை மறுக்கவில்லை. கேள்வியை எப்படிக் கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது, அழுகிறவர் முன்னால் எப்போது பதிவுக் கருவியை நிறுத்துவது என்பதெல்லாம் எங்கள் பேராசிரியர் கூடவே வந்து சொல்லிக்கொடுத்தவை. அந்த நன்றி எப்போதும் இருக்கும். ஆனால் கற்றுக்கொள்வதால் அது வேலை இல்லாமல் போய்விடாது. கொத்தனாரிடம் கையாளாகச் சேரும் பையனும் வேலை கற்றுக்கொள்கிறான். சனிக்கிழமை அவனுக்குக் கூலி உண்டு.

சரி, பயிற்சி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் களத்துக்குப் போன நாட்களை வருகையாகவே கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். போன ஆண்டு ஜூலை நடுவில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. தடைக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. முடிந்தவரை நேர்காணல்களை எடுத்துவிட வேண்டும் என்று ஒன்பது நாட்கள் வகுப்புக்குப் போகாமல் களத்துக்குப் போனோம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருந்தது. பருவ முடிவில் என் வருகை 71 விழுக்காடு. 75 வேண்டும். அந்த ஒன்பது நாளுக்கு ஓ.டி. தந்திருந்தால் 80-ஐத் தொட்டிருக்கும். கேட்டதற்கு, “நீங்கள் சம்பளத்துக்கு வேலைக்குப் போனீர்கள், அது கல்விப் பணியில் சேராது” என்று பதில் வந்தது. வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கண்டனேஷன் கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுதினேன். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு, பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு போனதற்காகப் பல்கலைக்கழகத்துக்கே பணம் கட்டினேன். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.

வருகைப்பதிவு என்று வந்தபோது நாங்கள் பணியாளர்கள். ஊதியம் என்று வரும்போது மாணவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இழப்பு எங்களுக்குத்தான். நாங்கள் இரண்டும்தான் என்பது என் பதில். வேலை செய்யும் நேரத்தில் பணியாளருக்கு உரியது எங்களுக்கு வர வேண்டும், படிக்கும் நேரத்தில் மாணவருக்கு உரியது வர வேண்டும். நான் இந்த மடலில் கேட்பது அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், படித்துக்கொண்டே சம்பாதிக்கும் திட்டம் ஒன்று உண்டு. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, மணிக்கணக்கில் ஊதியம் என்பது அதில் இருக்கிறது. அந்த வேலைகளில் ஆய்வுத் திட்ட உதவியும் ஒன்று. கூலியை எப்போது கொடுக்க வேண்டும் என்பதற்கோ இதைவிடப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7 நாளுக்குள், மற்ற இடங்களில் 10 நாளுக்குள் முந்தைய மாதக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றது. அது எங்களுக்குப் பொருந்துமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே தொழிலாளிக்கு நியாயம் என்று தோன்றிய ஒன்று இன்றைக்குப் பல்கலைக்கழக மாணவிக்கு ஏன் நியாயமாகத் தோன்றவில்லை என்றுதான் கேட்கிறேன்.

பணம் தாமதமாக வருகிறது, அதனால்தான் இந்த முடிவு என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. திட்டப் பணம் தவணையாகத்தான் வரும். ஒரு தவணை செலவானதும் செலவுக் கணக்கையும், பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழையும் அனுப்பினால்தான் அடுத்த தவணை. எல்லாம் பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் இணையவழி நிதி மேலாண்மை அமைப்பு வழியாகப் போக வேண்டும். நிதியாண்டு மாறும் ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு முறையும் இழுபறி. இதையெல்லாம் நாங்களும் அறிவோம். பில்களை ஒட்டி, எண் போட்டு, நகல் எடுத்து அடுக்கித் தருவதே நாங்கள்தான்.

ஆனால் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நாங்கள் இல்லை. போன ஆண்டு எங்கள் திட்டத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஏழு வாரம் மேசையில் கிடந்தது. அந்த ஏழு வாரமும் அக்டோபர், நவம்பரில் வந்தது. வீட்டில் வெட்டு இல்லாத மாதங்கள். விடுதி மெஸ் பாக்கிப் பட்டியலில் என் பெயரை எழுதிப் பலகையில் போட்டார்கள். அம்மா கம்மலை அடகு வைக்கிறேன் என்றார், நான் விடவில்லை. கூடப் படிக்கும் தோழியிடம் 6,000 ரூபாய் கடன் வாங்கினேன். திட்டப் பணம் வராவிட்டாலும் அந்த மாதம் நிதி அலுவலகத்தில் யாருக்கும் சம்பளம் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். எங்களுக்கு மட்டும் ஏன் நிற்கலாம்?

இதற்கு வழி இருக்கிறது. நிதி கொடுக்கும் அமைப்புகள் ஆய்வுத் திட்டங்களோடு ஓவர்ஹெட் என்ற தலைப்பில் நிறுவனத்துக்கும் ஒரு தொகை தருகின்றன. அறை, மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்கான பணம் அது. வேலை செய்தவருக்கு நாள் தவறாமல் ஊதியம் போடுவதும் நிர்வாகம்தான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சுழல் நிதியாக ஒதுக்கி வையுங்கள். மாதா மாதம் எங்களுக்கு அதிலிருந்து கொடுங்கள். தவணை வந்ததும் எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுங்கள். எங்கள் ஏழு பேருக்கும் முழு நேரக் கணக்குப் போட்டாலே மாதம் 63,000 ரூபாய். ஆறு மாதத் தாமதத்தைத் தாங்க 3,78,000 ரூபாய் போதும். திட்டம் முடியும்வரை எங்கள் எல்லோரையும் காத்திருக்க வைப்பதைவிட இது எளிது.

மேலே ஓர் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். குழுவில் ‘இருந்தார்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சுற்றறிக்கை ஒட்டிய அடுத்த வாரம் அவர் விலகிவிட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் மாலை நேர வேலை. மாதம் 5-ஆம் தேதி சம்பளம். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். போகும்போது காற்று, நீவாடு, பார்களின் பெயர்கள் என்று அவர் எழுதிவைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். நோட்டு என்னிடம் இருக்கிறது, ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க அவர் இல்லை. மொத்தமாக மூன்று ஆண்டு கழித்துப் பணம் தருகிறோம் என்றால், அதுவரை காத்திருக்க வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டும்தான் இந்த வேலைக்கு வர முடியும். கடற்கரையிலிருந்தும் ரப்பர் தோட்டத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடலைப் பற்றிய ஆய்வில் கடல் பேச்சுப் புரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

ஊர்க்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் நாங்கள்தான். இரண்டாம் முறை போனபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மக்களே, நீங்க எழுதிட்டுப் போனதெல்லாம் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அறிக்கை வந்ததும் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறோம் என்று சொன்னேன். இடைக்கால அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. ஊருக்கு ஒரு பிரதிகூடப் போகவில்லை. அதில் எங்களைப் பற்றி இருப்பது ‘கள உதவி: மாணவர்கள்’ என்ற ஒரு வரி. விலகிப்போன அண்ணனின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தமாகப் போகும் இடத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. தற்காலிகமாகவோ ஊதியமில்லாமலோ வேலை செய்தாலும் அந்தச் சட்டத்தின் முன் பணியாளர்தான். களத்துக்குப் போகும் எங்களில் யாருக்கும், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யாரை அழைப்பது என்று இதுவரை சொல்லப்படவில்லை.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் சுற்றறிக்கையை ஜூன் 1-க்கு முன்னால் திரும்பப் பெறுங்கள். தடைக்காலத்தில் செய்யும் களப்பணிக்கு, வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், மணிக்கணக்கில் ஊதியம் உண்டு என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு எனக்கு மட்டும் 110 மணி நேரத்துக்கான 16,500 ரூபாய் வர வேண்டும். மற்ற ஆறு பேரின் கணக்கும் மனுவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. விலகிய அண்ணனின் பாக்கியும் அதில் அடக்கம். இந்த மாத இறுதிக்குள் இவற்றைக் கொடுங்கள். இனி மேல் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் ஊதியம் கிடைக்கும்படி சுழல் நிதியை ஏற்படுத்துங்கள்.

கைரேகைக்குப் பதிலாக, திட்டப் பேராசிரியர் கையெழுத்திடும் வேலைக் குறிப்பேட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவை எழுத்தாக்கும் நேரத்தையும் பயண நேரத்தையும் வேலை நேரமாகச் சேருங்கள். ஆட்டோ உட்பட உண்மையான பயணச் செலவைக் கொடுங்கள்.

களநாட்களுக்கு ஓ.டி. கொடுங்கள். இந்தக் காரணத்துக்காக நாங்கள் கட்டிய கண்டனேஷன் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். அதே நேரம், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் எந்த மாணவரிடமும் வேலை வாங்கக் கூடாது, தேர்வு வாரங்களில் வேலை கொடுக்கக் கூடாது என்றும் விதி போடுங்கள். அது எங்கள் வருமானத்தைச் சில வாரம் குறைக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் வேண்டும். மணி நேரம், ஊதிய விகிதம், விபத்துக் காப்பீடு, உள்ளகக் குழுவின் தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறுதி அறிக்கையில் வேலை செய்தவர்களின் பெயரும் யார் என்ன செய்தார்கள் என்பதும் இடம்பெற வேண்டும். நேர்காணல் கொடுத்த ஊர்களுக்குத் தமிழில் ஒரு பிரதி போக வேண்டும்.

வள்ளவிளையில் ஜூன் முதல் வாரத்துக்கு நான்கு வீடுகளில் நேரம் வாங்கியிருக்கிறோம். நாங்கள் வருகிறோமா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மே 31-க்குள் உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். நேரில் பேச அழைத்தால் ஏழு பேரும் வருகிறோம். களத்தில் இல்லாத எந்த நாளும் எங்களுக்குச் சரிதான்.

இப்படிக்கு,
பகுதி நேர ஆய்வு உதவியாளர்,
ஒருங்கிணைந்த முதுகலை சமூகவியல், நான்காம் ஆண்டு,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்